முதியோரும் திரையும்: எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?

நவம்பர் பிறந்துவிட்டால் மத்திய அரசின் ஓய்வூதியர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். தாம் உயிரோடு இருப்பதாக அவர்கள் சான்று கொடுத்தாக வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணுச் சான்றிதழ் வந்தது. கருவியில் விரலை வைத்தால் போதும், இனி அலைய வேண்டாம் என்றார்கள். பலருக்கு அலைச்சல் மிச்சமானது உண்மைதான். ஆனால் வயது ஏற ஏறத் தோல் வறண்டு கைரேகை தேய்கிறது. மண்வெட்டி பிடித்த கையும் ஆயுள் முழுக்கப் பாத்திரம் துலக்கிய கையும் இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் கருவி 'பொருந்தவில்லை' என்று சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? 2021 நவம்பரில், கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதியைச் சேர்த்தார்கள். இங்கும் முகத்தைத் திரையில் தெரியும் வட்டத்துக்குள் அசையாமல் வைத்து, சிமிட்டச் சொல்லும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்கும் அண்மையில் கண்புரை அறுவை செய்துகொண்டவருக்கும் அது அவ்வளவு லேசான காரியம் அல்ல.

இதைச் செய்தவர்கள் யாரும் முதியவர்களை வதைக்க நினைக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நல்லெண்ணம் இருந்தது, முன்னேற்றமும் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் திரைக்கு எதிரே இருப்பவர் முப்பது வயதுக்காரர் என்றே யாரோ எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணம் நமக்குக் கட்டுப்படியாகாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 'இந்தியாவில் முதியோர் 2021' அறிக்கையின் மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம்தான் இருக்கிறோம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே அறிக்கை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

முதியோர் எண்ணிக்கையில் நம்மை முந்திய நாடுகள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்துவிட்டன. 2020 நவம்பரில் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் உள்ள குவாங்ஷுய் நகரில், 94 வயது மூதாட்டி ஒருவரை வங்கி இயந்திரத்தின் கேமராவுக்கு முகம் எட்டும்படி வீட்டார் தூக்கிப் பிடித்த காணொளி நாடெங்கும் பரவியது. சமூகப் பாதுகாப்பு அட்டையைச் செயல்படுத்த அவருடைய முகம் தேவைப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் கைபேசியில் சுகாதாரக் குறியீட்டைக் காட்ட முடியாத முதியவர்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்ததும் அங்கே பெரும் விவாதமாகியிருந்தது. அதே மாதம் சீன அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 2021 ஜனவரியில் முதல் கட்டமாக 115 இணையதளங்களையும் 43 செயலிகளையும் முதியோருக்கு ஏற்ப மாற்றும்படி சொன்னது. அதற்கென வகுத்த விதிகளில் எழுத்து குறைந்தது 18 புள்ளி அளவில் இருக்க வேண்டும் என்ற பகுதியைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு இன்னொரு விதிதான் முக்கியமாகப் படுகிறது. முதியோருக்கான வடிவத்தில் விளம்பரமே வரக் கூடாது. பணம் கட்டத் தூண்டும் பொத்தான், எதையாவது தரவிறக்கத் தூண்டும் பொத்தான் எதுவும் இருக்கக் கூடாது என்றது அது.

எழுத்தின் அளவு முக்கியம் இல்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளதைக் குவித்துக் காட்டும் திறனை இழக்கிறது. அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். லென்ஸ் பழுப்பேறுகிறது, கண்மணியும் சுருங்குகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரையைச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டுகிறது. பழுப்பேறிய லென்ஸ் நீல ஒளியை வடிகட்டிவிடுவதால் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு மங்குகிறது. அதனால் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிறத்தில் எழுதுவது எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும் முதியவருக்கு அது வெறும் வெள்ளைத் தாள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று, இணையத்துக்கான தரவிதிகளை வகுக்கும் உலக வலைச் சேர்த்தியம் 2008-லேயே வரையறுத்துவிட்டது. அதைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்றும் அது மீறப்படுவதற்குக் கவனக்குறைவைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விரலின் கதையைப் பலர் யோசிப்பதில்லை. இன்றைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் பட்டதும் மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் அது உணர்கிறது. வறண்ட தோலில் அந்த மாற்றம் குறைவு. தொட்டும் எதுவும் நடக்காததால் முதியவர் இன்னும் அழுத்தித் தொடுகிறார், விரலைக் கூடுதல் நேரம் வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட அரை நொடி தாண்டினால் ஆண்ட்ராய்டு கைபேசி அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொள்கிறது. உடனே சின்னம் இடம் பெயர்கிறது, நீக்கவா என்று ஒரு பட்டியல் வருகிறது. கை லேசாக நடுங்கினால் தொட்டது இழுத்ததாகிவிடுகிறது. இந்த நேர அளவை நீட்டிக்கொள்ளும் வசதி கைபேசியிலேயே உண்டு. ஆனால் அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மைப் பக்கத்தைத் தேடி, அதற்குள் இன்னொரு பக்கத்தைத் திறந்தால்தான் கண்ணில் படும். அதைத் தேடிப் பிடிக்கக் கூடியவருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

அடுத்தது மூளை. இங்கேதான் தவறான எண்ணங்கள் அதிகம். வயதானால் புத்தி மழுங்கும், புதிதாக எதுவும் ஏறாது என்ற பேச்சை முதியவர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். உளவியலாளர்கள் ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் 1960-களிலேயே அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். புதிய சிக்கலை அந்த நேரத்தில் அவிழ்க்கும் வேகம் ஒன்று. வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த சொல்வளமும் உலக அறிவும் அனுபவமும் மற்றொன்று. முதலாவது இளமையிலேயே உச்சம் தொட்டுக் குறையத் தொடங்குகிறது. இரண்டாவது வெகுகாலம் நிலைத்து நிற்கிறது, வளரவும் செய்கிறது. இன்னோர் உளவியலாளரான திமோதி சால்ட்ஹவுஸ் 1996-ல் எழுதிய கட்டுரை, முதுமையில் காணும் பல மாற்றங்களுக்கு அடிப்படை மூளை தகவலைக் கையாளும் வேகம் குறைவதுதான் என்று வாதிட்டது. வேகம் குறைகிறது என்பதற்குப் புரியவில்லை என்று பொருள் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர், கணினிப் பழக்கம் இல்லாத முதியவர்களிடம் ஐபேடைக் கொடுத்து, வாரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் எனப் பல வாரங்கள் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் 18 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் அவர்கள் ஐபேடைக் கற்றதோடு, நினைவாற்றல் சோதனையிலும் வேகச் சோதனையிலும் முன்னேறியிருந்தார்கள் என்று 2016-ல் வெளியான முடிவு சொல்கிறது.

கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, கற்கும் திறனும் இருக்கிறது என்றால் முதியவர்கள் எங்கேதான் இடறுகிறார்கள்? என் பெரியம்மா ஒரு வங்கியின் செயலி வழியாகப் பணம் அனுப்ப முயன்றதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, வீட்டுக் கணக்கை இன்றும் நோட்டில் பைசா சுத்தமாக எழுதி வைப்பவர். பெயரையும் தொகையையும் சரியாகவே இட்டார். ஓடிபி கேட்டது. திரையின் உச்சியில் குறுஞ்செய்தி ஒரு பட்டையாக இறங்கிவந்து, அவர் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் மறைந்துபோனது. செயலியை விட்டு வெளியே வந்து, குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து, ஆறு இலக்கத்தையும் நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார். திரும்பச் செயலிக்குள் போனால் அது அவரை வெளியேற்றிவிட்டிருந்தது. மறுபடி கடவுச்சொல், மறுபடி பெயர், மறுபடி தொகை. இப்போது குறுஞ்செய்திப் பெட்டியில் இரண்டு எண்கள். அவர் இட்டது பழையது. 'தவறான முயற்சி' என்று சிவப்பில் எழுத்து வந்தது. இன்னும் சிறிது நேரத்தில் கணக்கே 24 மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு" என்றார். அவர் தப்பாக எதையும் அமுக்கவில்லை. எழுதிய எண்ணை மாற்றி எழுதவில்லை, பெயரைக் குழப்பிக்கொள்ளவில்லை. செயலி எதிர்பார்த்த வேகத்தில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய திரையில் எழுத்து ஏற்கெனவே பெரிதாகத்தான் இருந்தது. அதனால்தான் எழுத்தின் அளவோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முதியவரைத் திரையிலிருந்து விரட்டுவது தவறுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் விலை. இளைஞர் ஒரு பொத்தானைத் தவறாகத் தொட்டால், பின்னால் போய், வேறொன்றைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். அதே தவறு முதியவருக்கு ஒரு நாளை விழுங்குகிறது, சில நேரம் சேமிப்பையே விழுங்குகிறது. எதையும் தொடப் பயப்படுகிறார் என்று வீட்டில் சலித்துக்கொள்கிறோம். அந்தப் பயம் நியாயமானது. விலை இவ்வளவு என்று தெரிந்தவர் கையை நீட்டத் தயங்குவதுதான் விவேகம்.

யூபிஐயில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. 2016-ல் வந்த அந்த முறையில், ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி இருந்தது. கடன் கொடுத்தவர் நினைவூட்ட, நண்பர்கள் உணவுச் செலவைப் பிரித்துக்கொள்ள அது உதவும் என்பது எண்ணம். மோசடிக்காரர்கள் அதைத் திருப்பிப் பிடித்தார்கள். பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்த முதியவரிடம் "பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். வருவது பணம் கேட்கும் வேண்டுகோள். ஆனால் பின் எண் கேட்கும் திரை எப்போதும் பார்க்கும் அதே திரைதான். எண்ணைப் போட்டதும் கணக்கிலிருந்து பணம் போய்விடும், திரும்ப வராது. 'பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை' என்று வங்கிகளும் காவல்துறையும் ஆண்டுக்கணக்காக விளம்பரம் செய்தன, குறுஞ்செய்தி அனுப்பின. மோசடி ஓயவில்லை. கடைசியில், தனிநபர்களுக்கு இடையிலான அந்த வேண்டுகோள் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் உத்தரவிட்டது. சரியான முடிவு, ஆனால் மிகவும் தாமதமான முடிவு. போவதும் வருவதும் ஒரே மாதிரித் தெரியும் திரையை வைத்துக்கொண்டு, ஏமாந்தவருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

தவறிலிருந்து மீள வழி வைப்பது தொழில்நுட்பத்துக்கு முடியாததல்ல. அனுப்பிய மின்னஞ்சலை அதிகபட்சம் 30 நொடிக்குள் திரும்ப எடுக்கும் வசதியை ஜிமெயில் 2015-ல் எல்லோருக்கும் தந்தது. உண்மையில் அது கடிதத்தைத் திரும்பப் பெறுவதில்லை. அந்த நேரம் முழுவதும் அனுப்பாமல் பிடித்து வைத்திருக்கிறது. எளிய யோசனை. வாட்ஸ்அப்பும் 2022 டிசம்பரில், தவறுதலாக அழித்த செய்தியை மீட்கும் பொத்தானைக் கொண்டுவந்தது. அதற்குத் தந்த அவகாசம் ஐந்து நொடி. அழிந்துவிட்டது என்று உணர்ந்து, திரையின் அடியில் வந்திருக்கும் சிறிய எழுத்தைக் கண்டு, படித்து, விரலைக் கொண்டுபோவதற்கு எழுபது வயதுக்காரருக்கு ஐந்து நொடி போதாது. இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2008-ல் வெளியிட்ட கணக்குப்படி, 25 வயதிலிருந்து 60 வரை இணையதளத்தைக் கையாளும் திறன் ஆண்டுக்கு 0.8 சதவீதம் குறைகிறது. அதாவது ஐந்து நொடி என்று முடிவுசெய்த இளம் பொறியாளருக்கும் அந்த இறக்கம் தொடங்கிவிட்டது.

நேரத்தைப் பற்றியும் விதி இருக்கிறது. உலக வலைச் சேர்த்தியத்தின் வழிகாட்டி, நேர வரம்பு வைத்தால் பயனாளர் அதை அணைக்கவோ, பத்து மடங்கு வரை நீட்டவோ வழி இருக்க வேண்டும் என்கிறது. அல்லது முடியும் முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்கொள்ள 20 நொடியாவது தர வேண்டும், அதையும் பத்து முறையாவது அனுமதிக்க வேண்டும். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. உள்ளே நுழைவதற்கு எதையும் நினைவில் வைத்திருக்கவோ, ஓரிடத்தில் பார்த்ததை இன்னோரிடத்தில் பெயர்த்து எழுதவோ பயனாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒருமுறை கொடுத்த விவரத்தை அதே வேலையில் மறுபடி கேட்கக் கூடாது. உதவிக்கான வழி எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நாள்காட்டித் தாளில் பெரியம்மா எழுதிய ஆறு இலக்கம் இந்த விதிகளில் முதலாவதன் நோக்கத்தை மீறியதன் விளைவு, மறுபடி இட்ட பெயரும் தொகையும் இரண்டாவதன் நோக்கத்தை மீறியதன் விளைவு.

மாற்றத்தைப் பற்றி ஒரு சொல். பல முதியவர்கள் திரையைப் படித்துப் பயன்படுத்துவதில்லை, இடத்தை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். மேல் வரிசையில் இரண்டாவது பச்சை, அதைத் தொட்டால் மகள். இரவோடு இரவாக அப்டேட் வந்து அந்தப் பச்சை வேறு வரிசைக்குப் போனால் மாதக்கணக்கில் சேர்த்த பழக்கம் ஒரே நாளில் வீணாகிறது. 2013-ல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 7-ல் பொத்தான்களின் எல்லைக் கோட்டை நீக்கி, வெறும் வண்ண எழுத்தாக்கியது. எது தொடக் கூடியது, எது வெறும் எழுத்து என்று தெரியவில்லை என்ற குறை கிளம்ப, அடுத்த ஆண்டே எல்லையைத் திரும்பக் காட்டும் வசதியை அணுகல்தன்மைப் பகுதியில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒன்றை எடுத்து, கேட்பவருக்கு மட்டும் சிறப்பு ஏற்பாடாகத் தந்தார்கள்.

மாற்றுவழியைத் தீவிரமாகத் தேடிய நாடு ஜப்பான். அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். என்டிடி டொகோமோ நிறுவனம் 1999-லேயே முதியோரை மனத்தில் வைத்து 'ராக்குராக்கு' என்னும் கைபேசி வரிசையைத் தொடங்கியது. 2001 முதல் அதை ஃபுஜிட்சு செய்தது. அந்தக் கைபேசியில் 1, 2, 3 என்று மூன்று தனிப் பொத்தான்கள் இருக்கும். அடிக்கடி பேசும் மூவரை அவற்றில் பதித்துவைத்துக்கொண்டால் ஒரே அழுத்தில் அழைக்கலாம். எதிர்முனையில் பேசுபவரின் பேச்சை, இடைவெளிகளைப் பயன்படுத்திச் சற்று மெதுவாக்கிக் காதில் தரும் வசதியும் இருந்தது. ஒலியைக் கூட்டுவது வேறு, மெதுவாக்குவது வேறு. முதுமையில் முதலில் கேட்காமல் போவது உயர்ந்த அதிர்வெண்கள். சத்தம் காதில் விழும், சொல் பிடிபடாது. அதைப் புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை அது. 2012-ல் இந்த வரிசை ஸ்மார்ட்போனாக மாறியபோது இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தார்கள். விரல் திரையில் படுவதையும் உண்மையில் அழுத்துவதையும் அந்தத் திரை பிரித்தறியும். பட்டால் மட்டும் எதுவும் நடக்காது. அழுத்தினால்தான் வேலை நடக்கும், நடந்ததைக் கைபேசி அதிர்ந்து விரலுக்குச் சொல்லும். தவறுதலாக விரல் பட்டதற்கு விலையே இல்லாமல் செய்துவிட்டார்கள். புரியாதபோது கேட்பதற்கென்றே தனி உதவி மையமும் இருந்தது.

குறையும் உண்டு. முதல் ஸ்மார்ட்போனில் கூகுள் பிளே கடையைத் திறக்கவே முடியாது. கண்ட செயலியும் உள்ளே வந்து தொல்லை தரக் கூடாது என்ற பாதுகாப்பு எண்ணம்தான். ஆனால் பேரக்குழந்தைகள் பயன்படுத்தும் செயலி தனக்கும் வேண்டும் என்று ஒரு பாட்டி விரும்பினால் வழி இல்லை. பாதுகாப்பின் பெயரால் ஒருவரின் விருப்பத்தை முன்கூட்டியே மூடிவிடுவது எனக்கு உடன்பாடு இல்லை. பின்னால் வந்த மாதிரிகளில் அந்தக் கதவு திறந்தது. ஃபுஜிட்சுவுக்குப் பின் இதைத் தயாரித்துவந்த நிறுவனம் 2023-ல் திவாலாகி, லெனோவோ எடுத்துக்கொண்டு, 2024-ல் ராக்குராக்கு மறுபடி சந்தைக்கு வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அதற்கு வாடிக்கையாளர் இருக்கிறார்கள்.

இதே நாட்டில், முதியவருக்காக யாரோ செய்வதற்குக் காத்திராமல் தானே செய்தவர் மசாகோ வகாமியா. 1935-ல் பிறந்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறும் காலத்தில், வயதான தாயைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்ததால், வெளியுலகத்தோடு பேசுவதற்காகக் கணினி வாங்கினார். எண்பது வயதில் அவருக்கு ஒரு மனக்குறை. கைபேசி விளையாட்டுகள் எல்லாம் வேகத்தை நம்பியவை. முதியவர்கள் விளையாடினால் தோற்பது உறுதி. முதியோருக்கு ஒரு விளையாட்டு செய்து தரும்படி மென்பொருள் தெரிந்த ஓர் இளைஞரிடம் கேட்டார், அவரோ நீங்களே செய்யுங்கள் என்றார். இணையம் வழியாக அவரிடமே நிரல் எழுதக் கற்று, 2017-ல், 81 வயதில், 'ஹினாதான்' என்ற செயலியை வெளியிட்டார். ஜப்பானில் மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்காக வீட்டில் படி கட்டிப் பொம்மை வைப்பார்கள், நம் நவராத்திரிக் கொலுவைப் போல. எந்தப் பொம்மை எந்தப் படியில், யாருக்குப் பக்கத்தில் யார் என்பதற்கு மரபான ஒழுங்கு உண்டு. 12 பொம்மைகளை நான்கு படிகளில் சரியாக வைக்க வேண்டும். இதுதான் விளையாட்டு.

கடிகாரம் கிடையாது. இழுத்துப் போடும் வேலை இல்லை. முதிய விரலுக்கு அது கைவராது என்பது வகாமியாவுக்குத் தெரியும். பொம்மையைத் தொட்டு, பிறகு இடத்தைத் தொட்டால் போதும். தவறாக வைத்தால் மறுபடி வைக்கலாம். இதையெல்லாம் எந்த நல்ல வடிவமைப்பாளரும் செய்திருக்கலாம். அவர் மட்டுமே யோசித்தது இன்னொன்று. அந்தப் பொம்மைகளின் வரிசையை ஆண்டாண்டாக வைத்துப் பழகிய பாட்டிக்குத்தான் அது தெரியும், பேத்தி தடுமாறுவாள். கேட்டலும் ஹார்னும் பிரித்துக் காட்டிய இரண்டாவது திறனின் மேல் அவர் விளையாட்டைக் கட்டியிருக்கிறார். முதுமையில் குறைந்துபோனதை ஈடுகட்டுவதைப் பற்றியே வடிவமைப்பு உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, முதுமையில் சேர்ந்திருப்பதைப் பயன்படுத்திக் காட்டினார். அந்த ஆண்டே ஆப்பிள் தன் வருடாந்திர மென்பொருளாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது.

நம் பக்கம் திரும்புவோம். தமிழ்த் திரைக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. நம் எழுத்தில் சுழிகளும் புள்ளியும் கொம்பும் காலும் நெருக்கமாக இருக்கின்றன. ஆங்கில எழுத்து தெளிவாகத் தெரியும் அளவில் தமிழ் எழுத்து தெளிவாகத் தெரியாது. ஆங்கிலத்துக்காக அளந்த பொத்தானில் நீளமான தமிழ்ச் சொல் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியில் முடிகிறது. தினமும் தமிழ் நாளிதழை வரி விடாமல் படிக்கும் பெரியவர், தமிழ் பிடிக்காமலா கைபேசியை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்? தமிழில் மாற்றினால் பாதிச் சொல்தான் தெரிகிறது என்பதால் வைத்திருக்கிறார். குரலால் இயங்கும் வழி இதற்கு நல்ல மாற்று. சாதாரணக் கைபேசியிலிருந்தே அழைத்துப் பேசிப் பணம் அனுப்ப உதவும் 'யூபிஐ 123பே' 2022 மார்ச்சில் வந்தது. அதைப் பற்றி நம் ஊர் வங்கிக் கிளைகளில் யாராவது ஒரு முதியவரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை.

பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? பேரன் கைபேசியை வாங்கி, நான்கு தட்டில் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்கிறான். வேலை முடிகிறது, தாத்தா எதையும் கற்கவில்லை. பின் எண் மகனுக்கும் தெரியும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும். இந்த நடைமுறையை அறிந்து, 2024-ல் 'யூபிஐ சர்க்கிள்' என்ற ஏற்பாடு வந்தது. ஒருவர் தன் கணக்கிலிருந்து பணம் செலுத்த இன்னொருவருக்கு அனுமதி தரலாம். மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை வரம்பு வைக்கலாம், அல்லது ஒவ்வொரு செலவையும் தானே ஒப்புதல் தந்து அனுமதிக்கலாம். விளம்பரங்களில் மகன் கணக்கு வைத்திருப்பார், தாய் அதிலிருந்து செலவழிப்பார். திருப்பியும் போடலாம் என்பதைக் கவனியுங்கள். கணக்கு பாட்டியுடையது, வரம்பு வைப்பவரும் பாட்டி. கடைக்குப் போகும் பேரன் அவர் அனுமதியோடு செலவழிக்கிறான். பின் எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உதவியும் கிடைக்கிறது, சாவியும் உரியவரிடம் இருக்கிறது.

சட்டம் முதியவர் பக்கம் நகர்ந்திருக்கிறது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கண்ணைச் சிமிட்டிக் காட்டினால்தான் உயிருள்ளவர் என்று ஏற்கும் முறை, இமையே சிதைந்தவருக்கு எப்படிப் பொருந்தும் என்பதே அந்த வழக்குகளின் மையம். மாற்று வழி வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்காகக் கிடைத்த இந்தத் தீர்ப்பு முதியவருக்கும் அப்படியே பொருந்தும். ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் 2007 முதல் 2010 வரை நடந்த ஓர் ஆய்வுத் திட்டம், முதியோரைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அவர்களுடைய தேவைகளில் பெரும்பகுதி மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்று கண்டது. புதிய விதி எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல செயலியும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஈடாகாது. ஸ்பெயினில் கார்லோஸ் சான் ஹுவான் என்ற ஓய்வு பெற்ற மருத்துவர், 78 வயதில், 'நான் முதியவன், முட்டாள் அல்ல' என்ற முழக்கத்தோடு வங்கிகளுக்கு எதிராக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். 2022 பிப்ரவரியில் அந்நாட்டு வங்கிகள் கவுன்டர் நேரத்தை நீட்டவும் முதியோருக்கு முன்னுரிமை தரவும் ஒப்புக்கொண்டன. நம் ஊரிலும் கிளைகளில் கவுன்டர்கள் குறைகின்றன. செயலியைப் பயன்படுத்துவது முதியவரின் விருப்பமாக இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் மென்பொருள் எழுதும் கைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். செயலியை வெளியிடும் முன் எழுபதைத் தாண்டிய நாலைந்து பேரிடம் கொடுங்கள். எதுவும் சொல்லித் தராமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே தவறு நேர்கிறது, அங்கிருந்து அவரால் தானாகத் திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் செயலி இன்னும் முடியவில்லை. மின்வாரியம், போக்குவரத்து, ரேஷன், ஓய்வூதியம் என்று அரசு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் டெண்டரிலும் இந்தச் சோதனையை ஒரு நிபந்தனையாகத் தமிழக அரசு சேர்க்க வேண்டும். சோதனையில் தேறாத செயலிக்குக் கடைசித் தவணைப் பணத்தை விடுவிக்கக் கூடாது.